கூறையின் நிறம்

பத்தேகால் ரயில் தெஹிவளைப் பக்கம் போய் மறைந்த பிறகுதான் கௌரி பேசத் தொடங்கினார்.

“என்ர மகன் மேடையில சின்னனாத் தெரியக்கூடாது, பிள்ளை.”

யதுஷா தலையசைத்தாள். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவளுடைய கடை. மணவறை அலங்காரம் அவள் தொழில். அளவை மாற்றிக் காட்டச் சொல்லித்தான் பாதிப் பேர் அவளிடம் வந்தார்கள். சின்ன மண்டபம் பெரிதாகத் தெரிய வேண்டும். பெரிய மண்டபத்தில் சிறிய கூட்டம் நிறைந்து தெரிய வேண்டும். ஒரு மனிதனைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“பொம்பிளை உயரமோ, அன்ரி?”

“அவளின்ர காதுக்குத்தான் வாறான்.”

கௌரி கைப்பேசியை நீட்டினார். உணவகம் ஒன்றின் வாசலில் எடுத்த படம். மகன் லவன் தோளை நிமிர்த்தி நின்றான். பல் வைத்தியன். அவனிடம் வருகிறவர்கள் படுத்துக்கொண்டே அவனைப் பார்த்தார்கள். அவனுடைய உயரம் அவர்களுக்கு ஒரு செய்தியே இல்லை. பக்கத்தில் மணப்பெண் நிரோஷா. கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பனி ஒன்றில் வேலை. கம்பனியின் வலைப்பந்து அணியில் பந்தைக் கூடைக்குள் போடுகிறவளும் அவள்தான்.

“அவையள் இந்தியாவில இருந்து வந்த ஆக்கள். நாங்கள் யாழ்ப்பாணம்,” என்றார் கௌரி. “அதெல்லாம் நான் பேசேல்ல. சாதகம் பொருந்திச்சுது, ஓமெண்டன். சாதகத்தில உயரம் போடுறேல்லையே.”

“போட்டா அரைவாசிக் கலியாணம் நடக்காது.”

கௌரி சிரிக்கவில்லை.

“சனம் கதைக்கும். இப்பவே கதைக்குது. என்ர மச்சாள் கேக்கிறா, மாலை போட ஏணி கொண்டுவருவியளோ எண்டு. சிரிச்சுச் சிரிச்சுக் கேக்கிறா.”

“சரி. சொல்லுங்கோ, என்ன யோசிச்சு வைச்சிருக்கிறியள்?”

“அவன்ர பக்கம் ஒரு பலகை.”

“எல்லாற்ற கண்ணும் பலகையிலதான் நிக்கும்.”

“சப்பாத்து? உள்ளுக்குக் குதி வைச்சது விக்கினமாம்.”

“மணவறையில ஆர் சப்பாத்தோட ஏறுறது, அன்ரி?”

கௌரி கைகளை மடியில் வைத்தார். அவரிடம் வேறு யோசனை இல்லை.

யதுஷா எழுந்து போய் அலுமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு ரெஜிஃபோம் நுரைக் கட்டிகளை எடுத்தாள். ஒன்றை யானைத் தந்த நிறப் பட்டாலும் மற்றதைக் கடும் அரக்குப் பட்டாலும் சுற்றினாள். சுவரில் கரும்பச்சைத் துணி தொங்கியது. அதன் முன்னால் இரண்டையும் நிறுத்தினாள்.

“எது பெரிசு?”

“வெள்ளை.”

“எவ்வளவு பெரிசு?”

கௌரி கையால் காட்டினார். ஒரு சாண் இல்லை. ஆனால் தயக்கமும் இல்லை.

யதுஷா ஒன்றைத் தூக்கி மற்றதன் மேல் வைத்தாள். விளிம்பு விளிம்போடு பொருந்தியது. கௌரி எழுந்து வந்தார். விரலை ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். மறுபடி கீழிருந்து மேலே இழுத்தார்.

“இதென்ன கண்கட்டே?”

“இல்லை. வெளிர் நிறம் கண்ணில பரவும். கடும் நிறம் ஒடுங்கும். பின்னுக்கும் கடும் நிறமெண்டா அதுக்குள்ள அடங்கிப் போகும். உங்கட மகனுக்குத் தந்த நிற வேட்டி, தந்த நிறத் தலைப்பா. பின்னுக்குப் பச்சை. மிச்சம் பொம்பிளையின்ர கூறைச் சேலை. கூறை ஆர் எடுக்கிறது?”

“நாங்கள்தான். எங்கட முறையில மாப்பிளை வீடுதான் எடுக்கும். மணவறையில வைச்சுக் குடுப்பம். அவள் போய் உடுத்துக்கொண்டு வருவாள்.”

“அப்ப நிறத்தை நான் சொல்லுறன்.”

“முதல் வரேக்கை அவள் தன்ர சேலையோடதானே வருவாள்? அது மஞ்சளாம்.”

“வரட்டும். அந்த நேரம் ரெண்டு பேரும் இருப்பினம். இருந்தா எல்லாரும் ஒரு உயரம். எழும்பி நிண்டு மாலை மாத்திறது கூறையோடதான். வீட்டில மாட்டுற படமும் அதுதான்.”

கௌரி முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஆருக்கும் தெரியக்கூடாது. அவனுக்கும் தெரியக்கூடாது.”

“பொம்பிளை என்ன நினைப்பா?”

“அவளுக்கென்ன? கொஞ்சம் குறைஞ்சாலும் மிச்சம் இருக்கும்.”

இதற்கு யதுஷா சிரித்தாள். வேலையை ஏற்றுக்கொண்டாள். செய்ய முடியுமா என்று அவள் யோசிக்கவே இல்லை.

*

கூறை எடுக்கக் கௌரியும் யதுஷாவும் காலி வீதித் துணிக்கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் நளீபா தரையில் வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் சிவப்புச் சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். குங்குமச் சிவப்பு. மிளகாய்ப்பழச் சிவப்பு. மாதுளை.

“கடும் நிறம் காட்டுங்கோ,” என்றாள் யதுஷா.

“இது கடும் நிறந்தானே?”

“இன்னும்.”

நளீபா மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கினாள். அரக்கு. விளக்கு வெளிச்சத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு. கரை ஒரு முழ அகலம்.

“இதா? இது மாப்பிள்ளட உம்மாக்குப் பொருத்தம்.”

“மாப்பிளையின்ர அம்மா நான்தான்,” என்றார் கௌரி. “எனக்கு இல்லை. பொம்பிளைக்கு.”

நளீபா சேலையையும் கௌரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கோவிக்காதீங்க மேடம். எங்கட கடையில இத விட வடிவான செவப்பு எவ்வளவோ ஈக்குது. கலியாணப் புள்ளக்கு இதக் குடுத்தா புள்ள எங்கண்டு தேடணும்.”

“தேடட்டும்,” என்றார் கௌரி.

யதுஷா சேலையின் ஒரு முனையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோனாள். வெயிலில் அது சிவந்தது. கடைக்குள் திரும்பியதும் அணைந்தது. மண்டபத்தில் வெயில் கிடையாது. அவள் கரையை விரித்துப் பார்த்தாள். இவ்வளவு அகலமான கரை ஆளைக் குறுக்கே வெட்டும். கால் தனி, உடல் தனி.

“இதுதான்,” என்றாள்.

ரவிக்கைக்கான சட்டைத் துண்டை மட்டும் வெட்டி, தைப்பதற்குக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார்கள். கூறையை மணப்பெண் மணவறையில்தான் காண வேண்டும் என்று கௌரி சொல்லியனுப்பினார். அப்படி ஒரு முறை இருக்கிறதா என்று நிரோஷா வீட்டில் யாருக்கும் தெரியாது. இல்லை என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

யதுஷா அந்தக் கடையிலேயே அதே நிறத்தில் ஐந்து யார் நீளத்துக்குச் சாதாரணத் துணியும் வாங்கிக்கொண்டாள். வெளிச்சம் பார்க்க உதவும். அவள் எதையும் பாராமல் மேடை ஏற்றுவதில்லை.

*

கலியாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் மண்டபம் அவள் கைக்கு வந்தது. கரும்பச்சைத் துணியைக் கூரையிலிருந்து தரை வரை இறக்கினாள். மாப்பிள்ளை நிற்கும் பக்கம் மல்லிகைச் சரங்கள். பெண் நிற்கும் பக்கம் மாவிலையும் கமுகங்கீற்றும். கடைசி வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தாள். மேடையின் ஒரு பாதி முன்னால் வந்தது. மறுபாதி பின்வாங்கியது. கேட்டது வந்துவிட்டது.

கௌரி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவையள் ரெண்டு பேரும் வருகினம். மணவறையைப் பாக்கோணுமாம். லவன்தான் கூட்டிக்கொண்டு வாறான்.”

“வரட்டும். வெளிச்சத்துக்கு ஆள் வேணும்தானே.”

“நீ ஒண்டும் சொல்லிப்போடாதை.”

“நான் ஏன் சொல்லுறன்?”

படம் எடுக்கும் பிரதீஸ் கமராவை முக்காலியில் பூட்டிக்கொண்டிருந்தான். மண்டபக் காவலாளியைப் பார்த்து, “மல்லி, லைட் எக்க தான்ன!” என்று சிங்களத்தில் கூவினான். விளக்குகள் எரிந்தன.

லவன் கிளினிக்கிலிருந்து நேராக வந்திருந்தான். உடம்பில் வெள்ளைச் சேட்டு. நிரோஷா எலுமிச்சை மஞ்சளில் குர்தா அணிந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேடைக்குப் போனாள். பச்சைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு, அக்கா. காட்டுக்குள்ள நிக்கிற மாதிரி.”

“ரெண்டு பேரும் அப்பிடியே நில்லுங்க,” என்றான் பிரதீஸ். “ஒரு டெஸ்ட். கூறை என்ன கலர்? மஞ்சளுக்கு வச்ச லைட் அதுக்குச் சரிவராது.”

நிரோஷா தோளைக் குலுக்கினாள். “சட்டைத் துணி மட்டும்தான் வந்துச்சு, சேலைய இன்னும் கண்ணால காணல.”

யதுஷா அரக்குத் துணியை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஏறினாள். கீழே கௌரி வேண்டாமென்று கண்ணைக் காட்டினார். யதுஷா பார்த்தும் நிற்கவில்லை. வெளிச்சம் பிழையானால் நாளைக்கு எல்லாம் பிழையாகும். துணியை நிரோஷாவின் இடுப்பில் சுற்றி, தோளில் போட்டு, பின்னால் இறக்கினாள். நிரோஷா குனிந்து தன் மேல் கிடந்த நிறத்தைப் பார்த்தாள்.

“சட்டைத் துணியும் இதே கலர்தான். எங்க தையல்காரம்மா நேசம் அக்கா பாத்திட்டுக் கேட்டாங்க, ஏன்டி, கல்யாணமா கருமாதியான்னு. நான்தான் அவங்க வீட்டு வழக்கம்னு வாயடச்சேன்.”

“வழக்கம்தான்,” என்றார் கௌரி கீழேயிருந்து.

பிரதீஸ் படம் எடுத்தான். கமராவின் சின்னத் திரையில் பார்த்தான். பிறகு அதை மடிக்கணினியில் பெரிதாகப் போட்டான்.

லவன்தான் முதலில் குனிந்தான்.

“ஆ,” என்றான்.

படத்தின் நடுவில் அவன் நின்றான். பச்சையில் வெள்ளை. தோள்கள் அகன்றிருந்தன. மல்லிகைச் சரங்கள் அவனோடு சேர்ந்து மேலே ஏறின. அவன் இன்னும் கிட்டப் போனான்.

“மச்சான், இது நானோ?”

“வேற ஆரு?”

“என்ர படம் எனக்குப் பிடிச்சது இதுதான் முதல் தரம். பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு வருசமும் முன் வரிசையில குந்த வைச்சு எடுப்பாங்கள். அம்மா, வந்து பாருங்கோ.”

கௌரி வந்தார். பார்த்தார். மகனின் முதுகைத் தடவினார். கண் கலங்கியிருந்தது.

நிரோஷா இருவருக்கும் பின்னால் நின்றாள். அவர்களின் தலைகளுக்கு மேலால் அவளுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது.

“நான் எங்க?” என்றாள்.

பிரதீஸ் படத்தை இன்னும் பெரிதாக்கினான்.

“பிரதீஸ், நான் எங்க? ஒரு மூஞ்சி இருக்கு. கை ரெண்டு இருக்கு. மத்ததெல்லாம்?”

“இருக்கீங்க அக்கா. இந்தா, விளிம்பு தெரியுதுதானே.”

“லைட் சரியில்லைப் பிள்ளை,” என்றார் கௌரி. “நாளைக்குச் சரியா வரும்.”

“லைட் சரி, ஆன்ட்டி,” என்றான் பிரதீஸ். தன் வேலையை யாரும் குறை சொல்வது அவனுக்குப் பிடிக்காது. “துணிதான் வெளிச்சத்தைக் குடிக்குது.”

நிரோஷா அரக்குத் துணியை அவிழ்த்தாள். மடித்து நாற்காலியில் வைத்தாள். மேடையில் அதே இடத்தில் மஞ்சள் குர்தாவோடு போய் நின்றாள்.

“லவன், வாங்க. இன்னொண்ணு எடுப்போம்.”

அவன் போய் நின்றான். பிரதீஸ் எடுத்தான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டான்.

இரண்டாவதில் நிரோஷா முழுவதுமாக இருந்தாள். நெற்றி முதல் பாதம் வரை. மஞ்சள் பச்சையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. லவனின் தலை அவள் காதருகே இருந்தது. வெள்ளைச் சேட்டு மஞ்சளின் பக்கத்தில் ஒரு துண்டுத் துணி போலிருந்தது. அதே ஆட்கள். அதே இடம். அதே கால்கள்.

லவன் இரண்டையும் பார்த்தான்.

“முதல் படம்தான் நல்லது,” என்றான். “அப்பிடியே விடுங்கோ.”

சொல்லி முடித்த பிறகுதான் அவன் நிரோஷாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கோபப்படவில்லை. கூடைக்குப் பந்து எறியும் முன் தூரத்தை அளக்கிறவள் போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யதுஷாவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இது தானா வந்ததா? நீங்க செஞ்சதா?”

கௌரி யதுஷாவின் கையைப் பிடித்தார். பிடி இறுகியது.

தானாக வந்தது என்று சொல்ல யதுஷாவுக்கு வாய் வரவில்லை. அந்தப் பச்சையைத் தேட அவள் மருதானை வரை போயிருந்தாள்.

“நான் செய்தனான்,” என்றாள்.

“எப்படி?”

“வெள்ளை பரவும். அரக்கு ஒடுங்கும். பின்னுக்குப் பச்சை உங்களை இழுத்து வைச்சிருக்கும். கரை உயரத்தை வெட்டும்.”

“எல்லாம் யோசிச்சா?”

“ஓம். எல்லாம் யோசிச்சுத்தான்.”

“கெட்டிக்காரிதான்.” நிரோஷா நக்கலாகச் சொல்லவில்லை. மறுபடி முதல் படத்தைப் பார்த்தாள். “உண்மையாவே கெட்டிக்காரி. என்னை மறைக்க இதுவரைக்கும் யாராலயும் முடியல. எங்க டீமை எதிர்த்து ஆடுறவங்க ரெண்டு பேரைப் போட்டு மறிப்பாங்க. அப்பவும் முடியல.”

“நிரோ, எனக்கு இது தெரியாது,” என்றான் லவன். “சத்தியமா.”

“தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியும்.”

“அம்மா?”

கௌரி மகனைப் பார்க்கவில்லை. யதுஷாவின் கையை விட்டார்.

“உன்னை வைச்சுச் சிரிக்கப் போகினம்,” என்றார். “மச்சாள் வருவா, முன் வரிசையில இருப்பா. அவவின்ர பிள்ளையள் போனோட நிப்பினம். நீ சின்ன வயசில அழுதுகொண்டு வருவாய். எனக்குத்தான் தெரியும். நான் என்ன களவே செய்தனான்? ஒரு நிறம் எடுத்தன்.”

“என்கிட்ட சொல்லியிருந்தா நானே உடுத்திருப்பேன், மாமி,” என்றாள் நிரோஷா. “ஒருவேளை. இப்போ தெரியாது.”

பிரதீஸ் கமராவின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். வெளியே காலி வீதியில் பஸ் ஒன்று நீளமாக ஹோன் அடித்தது.

நிரோஷா மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாருடைய உயரமும் ஒன்றானது.

“அக்கா, கூறையை மாத்தணும்னு நான் சொல்லல. அது அவங்க குடுக்கிறது. சட்டையும் தச்சாச்சு. பின்னால இருக்கிற துணிய மாத்தினா?”

“மாத்தினா வேற மாதிரி வரும்.”

“என்னைப் பெரிசாவும் காட்டுவீங்களா?”

“காட்டுவன். வெளிர் துணி போட்டா நீங்கள் கீறின படம் மாதிரி எடுப்பாத் தெரிவியள். அவர் கரைஞ்சு போவார்.”

லவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அது வேணாம்,” என்றாள் நிரோஷா. “உள்ளபடி காட்டுற துணி இருக்கா? நான் எவ்வளவோ அவ்வளவு. அவர் எவ்வளவோ அவ்வளவு.”

யதுஷா யோசித்தாள். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அரக்கு ஒரு முனை, தந்தம் மறுமுனை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நிறம் வேண்டும். எதையும் இழுக்காத, எதையும் தள்ளாத நிறம். பச்சையைக் கண்டுபிடித்ததை விட இது எளிதாக இருந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

“செப்பு நிறம்,” என்றாள். “வேனுக்குள்ள இருக்கு.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“இருட்ட முதல் ஏத்திப்போடலாம்.”

“ஏத்தக்கூடாது,” என்றார் கௌரி. “நான்தானே இவவை வேலைக்குப் பிடிச்சனான். பச்சைதான் இருக்கோணும்.”

“உங்கட வேலைதான், அன்ரி,” என்றாள் யதுஷா. “நீங்கள் சொன்னதைச் செய்து தந்திட்டன். பச்சை நிண்டா நாளைக்கு நீங்கள் கேட்ட மாதிரியே வரும். அதில எனக்குச் சந்தேகம் இல்லை.” அவள் லவனின் பக்கம் திரும்பினாள். “செப்புப் போட்டா நீங்கள் காதளவுதான் நிப்பியள். அதையும் சொல்லோணும். ஒரு நூலும் கூட்டித் தர ஏலாது.”

லவன் மடிக்கணினியின் முன் நின்றான். முதல் படம் இன்னும் இடது பக்கத்தில் இருந்தது. அவன் கை திரையைத் தொடப் போய் நின்றது. அவன் தாயைப் பார்த்தான்.

நிரோஷா எழுந்து நின்றாள். முழு உயரத்துக்கும்.

“அம்மாவைப் பாக்காதீங்க, லவன். என்னைப் பாத்துச் சொல்லுங்க. எந்தத் துணி?”